கோட்டையில் எடுத்த படம்

கையை வைத்ததும் சில்லென்று குளிர்ந்தது அந்தச் செங்கல். கடற்காற்றில் உப்பும் ஆட்டுப் புழுக்கை வாசமும் கலந்து வர, குன்றின் உச்சியில் ஒரு மதிலும் கூரையில்லாத கோபுரமும் மட்டும் நின்றன. எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபது வயது, டென்மார்க்குக்கு வந்து மூன்று மாதம். அகதி முகாமில் இருந்த எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏற்றி, எந்தக் காலத்திலோ ஒரு ராசா கட்டி இடிந்துபோன அந்தக் கோட்டையைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள்.

அண்ணை ஒரு கமரா இரவல் வாங்கி வந்திருந்தார். அடிவாரத்துப் பூக்கடைக்கு முன்னால் நிற்கச் சொன்னார். வெள்ளைக்காரர் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டு நான் மேலே ஏறி, ஒருவரும் இல்லாத மதிலோரம் போய் நின்றேன்.

"சரி, நில்லடி மகாராணி, உன்ரை அரண்மனை எண்டு அம்மாவுக்கு அனுப்புவம்," என்று சிரித்தார்.

ஊரில் அம்மாவோடு இருந்தவள் என் தங்கச்சி, தவம். பதினேழு வயது. அடுத்த மாதம் தெரிந்த குடும்பமொன்றோடு அவளையும் எங்களிடம் அனுப்புவதாகப் பேச்சு. படத்தின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதச் சொன்னார் அண்ணை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான்; என் கோணல் எழுத்தை அயலெல்லாம் பார்க்குமே என்று வெட்கப்பட்டு, "கோட்டையில் எடுத்தது" என்று மட்டும் எழுதினேன்.

யாழ்ப்பாணத்தில் அப்போது கோட்டை என்றால் ஆமி இருக்கிற இடம், "செல்" என்கிற பீரங்கிக் குண்டு வருகிற இடம். அதை நான் யோசிக்கவில்லை. அம்மா யோசித்தார்.

"பிள்ளை, அங்கையும் ஒரு கோட்டையோ? மதிலெல்லாம் செல்பட்டுக் கிடக்குது, நீ அதுக்குக் கிட்டப் போய் நிக்கிறாய். எங்களுக்கு ஒளிக்கிறாய். தவத்தை நான் விடமாட்டன். வாறது வரட்டும், என்னோடையே இருக்கட்டும்," என்று பதில் வந்தது.

அது கிழடாகி விழுந்த மதில், இங்கே சண்டையே இல்லை என்று அண்ணை பக்கம் பக்கமாக எழுதிப் போட்டார். அதற்குள் அந்தக் குடும்பம் தவத்தை விட்டுவிட்டுப் புறப்பட்டிருந்தது. கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியவள் தவம்தான். "பாத்தியளே அம்மா, அக்காவுக்கு எழுதத்தான் பஞ்சி, சரியான சோம்பேறி," என்று சிரித்தாளாம். அந்த வாரமே, அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது செல் விழுந்தது.

போன கோடையில் மகள் என்னை, நாங்கள் இப்போது இருக்கிற கிரின்ஸ்டெட்டிலிருந்து காரில் அங்கே கூட்டிப் போனாள். மதில் அப்படியே நிற்கிறது. அம்மாவும் இல்லை, அந்தக் கிணற்றடியும் இல்லை.

"நில்லுங்கோ அம்மா, ஒரு படம்," என்றாள். நின்றேன். வீட்டுக்கு வந்ததும், பின்பக்கம் எழுத வேண்டும், படத்தைத் தா என்று கேட்டேன். டெலிபோனை நீட்டி, "இதுக்குப் பின்பக்கம் இல்லையே அம்மா," என்றாள்.

எழுத வேண்டியது முழுவதும் எனக்கு மனப்பாடம். இது பழைய கோட்டை, அம்மா. இங்கை செல் இல்லை. தவத்தை அனுப்புங்கோ.