மூஸ் மறித்த றோட்டில்

அன்று அந்தக் காட்டு றோட்டில் நின்றது நான், என் மச்சான், ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியிலிருந்து எங்களோடு வந்த அண்ணை, ஒரு மூஸ். நாங்கள் மூவரும் ஒரே தொழிற்சாலை. ஆளுக்கொரு மோட்டார்சைக்கிளில் ரொறன்ரோவை விட்டு வடக்கே பகல் முழுக்க ஓடியிருந்தோம்.

அண்ணை மெலிந்த ஆள். தாடி நரைத்திருந்தது. ஓடும்போது அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

மாட்டைவிட உயரமான அந்தக் காட்டு மான் றோட்டின் நடுவே நின்றது. விலகும்வரை தூரத்தில் நிற்கவேண்டும். அண்ணை எஞ்சினை நிறுத்தி இறங்கினார். ஹெல்மெற்றைக் கழற்றினார். தலை குனிந்து, மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு அதை நோக்கி நடந்தார்.

"அண்ணை, விசரே? உது மிதிச்சால் சம்பல்தான்!" என்று மச்சான் கத்தினான்.

"சத்தம் போடாதை. இறங்கி உருட்டு. ஓடினால் சுடுவாங்கள்."

மச்சான் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் ஆமிச் சென்றியை, அந்தக் காவலரணை, நாங்களும் அப்படித்தான் கடந்தோம்.

மூஸ் காதைப் பின்னால் மடித்தது. அவரைத் தனியே விட முடியவில்லை. நானும் இறங்கினேன். சிரிப்பை விட்டுவிட்டு மச்சானும் உருட்டினான். அது எங்களைப் பார்த்தபடியே நின்றது, அசையவில்லை.

அதன் ஓரமாக அப்பால் போனதும் அண்ணை எங்கள் இருவரின் தோளையும் தொட்டார். பிறகு வந்த வழியைப் பார்த்தார்.

"மற்றவன் எங்கை?"

"வேறை ஆர் அண்ணை? நாங்கள் மூண்டு பேர்தானே."

அவர், மூஸ் காட்டுக்குள் போன பிறகும் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரைத் தேடினார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த காஸ் ஸ்டேசனில் அவரே போய்க் கோப்பி வாங்கி வந்தார்.

நாலு.