வரிச்சிக்குடிக்காரர் பேரில் ஒரு நம்பர்

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே குடை போட்டு சிம் விற்றேன். ஒன்பது வருஷம். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஃபாரம் நிரப்ப அது போதும்.

அப்போது அந்த ரோட்டில் ஆறு குடை. ஆறு கம்பெனி. ஒருவர் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய் என்றால் அடுத்தவர் ஐம்பது காசு என்பார். இன்னொருவர் நொடிக்கு ஒரு காசு என்பார். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களை ஆளுக்கொரு பக்கம் இழுப்போம்.

"அண்ணே, இங்க வாங்க. அந்தக் குடையில டவர் கெடைக்காது."

"ஒன் குடையில கெடைக்குமா?"

"நெழலாவது கெடைக்கும், வாங்க."

சிரித்துக்கொண்டே வருவார்கள். வந்தவர்களுக்குப் பொறுமை இருக்காது. சிம் வாங்க ஒரு போட்டோவும் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் தர வேண்டும். தந்தாலும் பேச்சு வர இரண்டு நாள் ஆகும். இரண்டு நாளா என்று பக்கத்துக் குடைக்குப் போய்விடுவார்கள். அதனால் ஒருவர் தந்த ஜெராக்ஸை நான்காக எடுப்போம். அவர் பேரில் ஒரு சிம் அவருக்கு. மூன்று சிம் எங்கள் டப்பாவுக்கு. அவசரம் என்று வருகிறவருக்கு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தால் நின்ற இடத்திலேயே பேசலாம். ரெடி சிம் என்போம். தப்பு என்று தெரியும். ஆறு குடையிலும் செய்தார்கள். நானும் செய்தேன்.

என் அக்கா அம்பகரத்தூரில் இருக்கிறாள். அத்தான் குடும்பத்துக்கு பிரெஞ்சு குடியுரிமை. அந்தப் பேப்பரில் அவள் மகன் இருபது வயதில் பிரான்சுக்குப் போனான். ஒரே பிள்ளை. கிளம்புவதற்கு முதல் நாள் அக்கா என் குடைக்கு வந்தாள்.

"நாளைக்குப் போறான். அவன் கூப்புட எனக்கு ஒரு நம்பர் குடு."

"ரேஷன் கார்டு கொண்டாந்தியா?"

"அது தாலுக்காபீசுல கெடக்கு. ஒன் அக்காவுக்கே கார்டு கேப்பியா?"

கேட்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு ரெடி சிம்மை எடுத்து அவள் செல்லில் போட்டேன். பையன் பக்கத்தில் நின்றான். நம்பரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். எழுதிக்கொள்ளவில்லை. மனதில் இருக்கிறது என்றான்.

முதலில் வாரம் ஒரு தடவை கூப்பிட்டான். பிறகு அங்கே ஒரு பெண்ணைக் கட்டப் போவதாகச் சொன்னான். அத்தான் போனை வாங்கிக் கத்தினார். என் சாவுக்கும் வராதே என்றார். அவனும் வீடு மாற்றிவிட்டான், நம்பர் மாற்றிவிட்டான். அத்தான் இறந்தபோது அவனுக்குச் சொல்ல வழி இல்லை. நாலு மாசம் கழித்து அவனாகக் கூப்பிட்டபோதுதான் அக்கா சொன்னாள். கேட்டதும் போனை வைத்துவிட்டானாம்.

அதற்குப் பிறகு எப்போதாவது கூப்பிடுவான். கூப்பிடும் நம்பர் அக்கா செல்லில் விழாது. சாப்பிட்டியாம்மா என்பான். ஒடம்பு நல்லாருக்கா என்பான். அவ்வளவுதான். நம்பர் கேட்டால் அடுத்த தடவை தருகிறேன் என்பான். அவனை இவள் கூப்பிட முடியாது. அவன் கூப்பிட்டால்தான் உண்டு. அக்கா குளிக்கப் போனாலும் செல்லை மாடத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் போவாள்.

இதற்கிடையில் ஒரு புதுக் கம்பெனி வந்தது. பேசுவது இலவசம் என்றது. விடிகாலையிலேயே வரிசை. மற்ற குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின. ஒரு கம்பெனியை இன்னொன்று வாங்கியது. வாங்கியதும் நஷ்டம் என்றது. கடைசியில் என் கம்பெனியும் மூடப்போகிறது என்று எல்லோருக்கும் மெசேஜ் வந்தது. அக்காவின் நம்பர் அந்தக் கம்பெனிதான்.

மூடினாலும் நம்பர் போகாது. நம் செல்லிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பினால் ஒரு ரகசிய எண் வரும். அந்த எண்ணையும் விரல் ரேகையையும் கொடுத்தால் அதே நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போகலாம். அந்த மாதத்தில் யார் யாருக்கோ மாற்றிக் கொடுத்தேன். கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன்காரப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அக்காவுக்கு அப்புறம் செய்யலாம் என்று விட்டேன். நம் வீட்டு வேலைதானே.

கடைசி வாரம் அக்கா பஸ் ஏறி வந்தாள்.

"நாலு நாளா செல்லு மணியே அடிக்கல. பாரு புள்ள."

சிம்மை எடுத்துப் பார்த்தேன். வேறு செல்லில் போட்டேன். எதிலும் எடுக்கவில்லை. பழைய சிம், செத்துவிட்டது. அது செத்தால் மெசேஜ் அனுப்ப முடியாது. டூப்ளிகேட் சிம் வாங்க வேண்டும். அதற்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் வர வேண்டும்.

அப்போதுதான் டப்பா ஞாபகம் வந்தது. அக்காவுடையது ரெடி சிம். வேறு யார் பேரிலோ இருக்கிறது. அக்காவிடம் நாளைக்கு வா என்றேன்.

கம்பெனி ஆபீசில் தெரிந்த சார் ஒருவர் இருந்தார். சொல்லக் கூடாதும்மா என்று சொல்லிவிட்டுப் பேரையும் விலாசத்தையும் சொன்னார். வரிச்சிக்குடிக்காரர். அன்றே பஸ் ஏறினேன். வயல் ஓரமாக வீடு. ஒரு அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"அவரப் பாக்கணுங்க. அவரு பேருல ஒரு சிம் இருக்கு."

"அவரு போயி ரெண்டு வருசம் ஆவுது."

அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"ஒரே ஒரு தடவதான் சிம்மு வாங்குனாரு. வீட்டுல டவர் எடுக்கலன்னு வாய்க்கால்ல வீசுனாரு. அது இன்னமுமா ஓடுது?"

"அது இல்லைங்க. அவரு குடுத்த ஜெராக்ஸ்ல நான் இன்னொன்னு எடுத்தேன். எங்க அக்கா வெச்சிருக்காங்க."

"அப்ப அவரு பேருல ஒங்க அக்கா பேசிட்டிருந்தாங்க."

"ஆமாங்க."

"யார்ட்ட?"

"பிரான்சுல இருக்குற மவன்ட்ட."

"ம். எங்கள்ட்ட ஒரு நாளு வாய் தொறந்து பேசுனதில்ல. அவரு பேராவது பிரான்சு வரைக்கும் பேசியிருக்கு."

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். உள்ளே போய் ரேஷன் கார்டு, ஓட்டு கார்டு, இறப்பு சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரு துணிப்பையோடு கொண்டுவந்தார்.

"எது வேணுமோ எடுத்துக்க."

"அவரு வெரல் வெக்கணுங்க."

"வெரலுக்கு நான் எங்க போறது?"

தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அக்கா வந்தாள். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னேன். டப்பாவைப் பற்றியும் சொன்னேன். மறைக்கவில்லை. அவள் கையில் செல் இருந்தது.

"இனிமே அவன் கூப்புட்டா என்ன ஆவும்?"

"இந்த நம்பர் உபயோகத்துல இல்லன்னு சொல்லும்."

"தமிழ்லயா?"

"தமிழ்லயும் சொல்லும்."

"அப்ப நான் செத்துட்டேன்னு நெனச்சுக்குவான்."

அம்பகரத்தூர் பஸ் வந்தது. ஏறிப் போனாள். திட்டியிருக்கலாம்.

கம்பெனி மூடியது. நான் குடையை விட்டுவிட்டு ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பிரான்சிலிருந்து லீவுக்கு வருகிறவர்களிடம் அவனைப் பற்றி விசாரித்தேன். அது என்ன காரைக்காலா, எல்லோரும் எல்லோரையும் பார்க்க, என்றார் ஒருவர். சரிதான்.

பழைய நம்பருக்கு நான் அவ்வப்போது போன் போட்டுப் பார்ப்பேன். உபயோகத்தில் இல்லை என்று அந்தப் பெண் குரல் சொல்லும். மூன்று வருஷம் அப்படித்தான். போன மாசம் மணி அடித்தது. ஒரு ஆண் எடுத்தார்.

"யாருங்க?"

"நீங்க யாருங்க?"

"ஈரோட்டுல வெங்காய மண்டிங்க. நீங்க யார்னு சொல்லுங்க."

இந்த நம்பர் முன்னால் எங்கள் அக்காவிடம் இருந்தது என்றேன். வெளிநாட்டிலிருந்து ஏதாவது போன் வந்ததா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"வந்துச்சுங்க. ஒரு தடவ. சிம்மு வாங்குன புதுசுல. ஆம்பளக் கொரலு. அம்மா இல்லீங்களான்னாரு. இது வெங்காய மண்டிங்கன்னேன். சரிங்கன்னு வெச்சுட்டாரு."

"மறுபடியும்?"

"இல்லீங்க."

"அந்த நம்பர் இருக்குங்களா?"

"அப்பவே நம்பரு எதுவும் விழலீங்க."

இனி வந்தால் கொடுக்கச் சொல்லி என் நம்பரைத் தந்தேன். எழுதிக்கொண்டார். நல்ல மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை அம்பகரத்தூர் போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் கூப்பிட்டிருக்கிறான் என்றேன். நடந்ததைச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கொரலு எப்புடி இருந்துச்சாம்?"

அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.