பொந்து அண்ணனுக்கு ஒரு கோல்

ஐஸ் ஹாக்கி அரங்கின் கண்ணாடிச் சுவரில் கேமரா நுழைய ஒரு பொந்து. இருபது வருஷமாக அதன் பின்னால் குந்தியிருந்து மீசை வரை விறைத்துப்போன படக்காரருக்குப் பெயரே பொந்து அண்ணன். வீட்டில் பேச்சுத்துணை ஃபிரிட்ஜ்தான்.

கோல் போட்டதும் ஏழாம் நம்பர்காரன் வந்து அந்தக் கண்ணாடியைக் குத்துவான், அண்ணனுக்குப் பின்னால் உட்காரும் தன் பெண்டாட்டிக்காக. அன்று அவள் வரவில்லை. ஆனாலும் வந்து குத்தினான்.

"இன்னைக்கு உங்களுக்குத்தாண்ணே!"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். காலி நாற்காலி. கேமராவை மறந்து கையைத் தூக்கினார்.

"கோல் போட்டவன் படம் எங்கய்யா?" என்று பத்திரிகை ஆசிரியர் போனில் குதித்தார்.

"லென்ஸ்ல மூச்சு படிஞ்சிருச்சு சார்."

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அது "ம்ம்" என்றது.