காற்றுப் பக்கம் சாய்ந்த முன்வரிசை

என் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது: "ஆடி, சனி. மில் அணியுடன் ஆட்டம். கச்சான் கடுமை. நான் சென்டர் ஹாஃப்." வருஷம் போடவில்லை. ரேஷன் அரிசி வந்துவிட்டது, வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. ஆகவே 1943க்கும் 1947க்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் ஆடி. அதற்கு மேல் சுருக்க என்னால் முடியவில்லை.

கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாக இருந்தேன். அந்த வேலையைக் கொடுத்தது என் காலுக்காக. கம்பெனிக்கு ஒரு பந்தாட்ட அணி இருந்தது. ஆனால் எனக்கு முப்பது தாண்டியிருந்தது. ஓட்டம் குறைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள் மானேஜர் துரை தலைமை குமாஸ்தா மூலம் சொல்லியனுப்பினார்: நடுவில் ஓட முடியாதவனுக்கு ஆபீஸில் நாற்காலி எதற்கு?

அப்போது நாங்கள் அறிந்தது ஒரே அமைப்பு. கோல்கீப்பருக்கு முன்னால் தடுக்க இரண்டு பேக், அடுத்து மூன்று ஹாஃப், முன்வரிசையில் ஐந்து பேர். ஐவரும் திடலின் அகலம் முழுக்கப் பரவி நிற்க வேண்டும். ஓரத்து இருவர் கோட்டை ஒட்டி நின்றால் அவர்களைக் காக்க எதிரியின் பேக்குகள் விலகுவார்கள். விலகினால் நடுவில் வழி திறக்கும். மற்ற மூவரும் அதில் நுழைவார்கள். காகிதத்தில் வரைந்தால் அழகுதான். அதன் பாரமெல்லாம் ஹாஃப் மூவரில் நடுவில் நிற்கும் சென்டர் ஹாஃப் மேல். தாக்கும்போது ஆறாவது ஆளாக ஏற வேண்டும். பந்து பறிபோனால் மூன்றாவது பேக்காக இறங்க வேண்டும். மறுபடி ஏற வேண்டும்.

எங்கள் முன்வரிசையில் நால்வர் தோணிக்காரர்கள். கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். எங்கள் கம்பெனிச் சரக்கைப் பாய்த்தோணியில் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் அவர்கள் தொழில். பாயில் காற்று முட்டித் தோணி சாய்ந்தால், காற்று வரும் பக்கத்துக்கு நகர்ந்து பாரம் கொடுப்பார்கள். யாரும் சொல்ல வேண்டாம், உடம்பே போகும். அன்று மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலை வாரி இறைத்தது. நால்வரும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்குக் கோட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். அந்த நெரிசலிலேயே பந்து பறிபோகும். வெறுமையாகக் கிடந்த நடுத்திடலில் நான் மட்டும் திரும்பி ஓடுவேன். இடைவேளைக்குள் மில் அணி ஒரு கோல் போட்டது.

கேப்டன் அந்த நால்வரில் ஒருவர், தோணியை நடத்தும் தண்டல். அவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, எல்லாரும் ஏன் ஒரே பக்கமா போய் அடையுதிய?"

"எங்க அடைஞ்சோம்? அவனவன் எடத்துலதான நிக்கான்."

"அங்கன நிக்கலைன்னா திடலு கவுந்துரும்லா," என்றான் ரைட் அவுட், முன்வரிசையின் வலது ஓரத்தில் ஆடும் ஐந்தாமவன். மளிகைக்கடையில் பொட்டலம் மடிப்பவன். ஆள் போதாமல் சேர்த்துக்கொண்டது. தோணியில் கால் வைத்தவனில்லை.

"ஏலே, கரையில கெடக்கவனுக்கு வாயப் பாரு. ஒருநா ஏத்திக் காட்டுதேன், கொடலு வெளிய வந்துரும்." பிறகு தண்டல் என் பக்கம் திரும்பினார். "நீரு மூச்சப் பிடிச்சுக்கிடும். துரை பந்தலுக்குள்ளதான் இருக்காரு."

"பிடிக்கதுக்கு மூச்சு கெடந்தாத்தான," என்றேன்.

இடைவேளைக்குப் பின் பக்கம் மாறி வடக்கு நோக்கி ஆடினோம். மேற்கு இப்போது எங்கள் இடப்பக்கம். தோணிக்காரர்கள் மறுபடியும் அங்கேயே ஒதுங்கினார்கள். கொஞ்ச நேரம் கத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன்: மில் அணியின் இரண்டு பேக்கும் அவர்களோடு நகர்ந்திருந்தார்கள். வலப்பக்கம், கடலை ஒட்டிய கோட்டில், ரைட் அவுட் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றான்.

அடுத்து பந்து வந்தபோது ஏறிப்போகக் கால் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே அவன் பக்கம் உதைத்தேன். பாதித் தூரம் என் உதை, மீதித் தூரம் கச்சான். அவன் தடுப்பாரில்லாமல் போய்க் கோல் போட்டான். ஆட்டம் சமமாக முடிந்தது.

நல்ல யுக்தி என்று பலர் சொன்னார்கள். மறுக்கக்கூட அலுப்பாக இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனேன். நாற்காலி இருந்தது. உட்கார்ந்து மூட்டைக் கணக்கை எடுத்தேன். அடுத்த வருஷம் என்னை பேக்காக நிறுத்தினார்கள், அங்கே ஓட வேண்டியது குறைவு.

இடைவேளை முடியும் முன்பே, கண்ணில் மணல் விழுகிறதென்று துரை காரில் ஏறிப் போய்விட்டார் என்பது தண்டல் பிறகு சொன்னது. கடைசி வரை இருந்தார் என்றார் தலைமை குமாஸ்தா. துரையிடம் கேட்கும் துணிவு எனக்கு இல்லை. பிறகு அவர் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். அந்தக் கோலை அவர் பார்த்தாரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.