முதுகுப் பக்கம் இரண்டு அங்குலம்

என் அக்கா தையல்காரி. நான் அவள் கடையில் பொத்தான் தைப்பவள். அவள் கைவேலையைப் பற்றிப் பெருமை பேசினால், தங்கச்சி இல்லையா, பேசத்தானே செய்வாள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கிய ஆள்கூட அவள் தைத்த சட்டையைப் போட்டால் நேராகத் தெரிவார். அந்தத் திறமைதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

அவள் புருஷன், என் மாமா, மாவு மில்லில் வேலை பார்த்தவர். முப்பது வருஷம் மூட்டை தூக்கி, மாவுத் தூசியைச் சுவாசித்ததில் இளைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. மூச்சு முட்டினால் மருந்துக் கடைக்குப் போய், என்றைக்கோ ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வார். பதினைந்து வருஷமாக அதே சீட்டு. மடிப்பெல்லாம் கிழிந்து எழுத்தும் மங்கிவிட்டது. கடைக்காரருக்கு மனப்பாடம்.

அக்கா ஐம்பத்திரண்டு வயதில் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். படம் எடுத்துப் பார்த்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்றார்கள். வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், விழுங்கிய பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அன்றிலிருந்து மாமாவின் அதிகாரம் தாங்க முடியவில்லை. "தண்ணி கேன்ல கைய வெச்ச, அவ்வளவுதான் சொல்லிட்டேன்!" என்று அதட்டுவார். கேஸ் சிலிண்டர், துணிக் கட்டு, தையல் மெஷின், எல்லாவற்றையும் தானே தூக்கினார்.

"உங்களுக்கே முதுகு வலி. எதுக்கு இந்த வீம்பு?" என்பாள் அக்கா.

"மூட்டை தூக்குறவனுக்கு முதுகு வலிக்காம பல்லா வலிக்கும்?"

அவர் கூனத் தொடங்கியதை அக்கா முதலில் சட்டையில்தான் கண்டாள். பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, முன்பக்கம் தொங்கியது. தையல்காரிக்கு அது நோயாகத் தெரியாது, வெட்டில் சரிசெய்கிற விஷயம். முதுகுப் பக்கம் அரை அங்குலம் கூட்டி, முன்பக்கம் குறைத்தாள். அடுத்த சட்டைக்கு ஒன்று. ஆறு வருஷத்தில் இரண்டு அங்குலம். காலர் விலகாமல் இருக்கக் கழுத்தையும் மாற்றி வெட்டினாள். "மாமா, வர வரக் குட்டையாயிட்டே போறீங்க. இன்னும் கொஞ்ச நாள்ல பாக்கெட்ல போட்டுட்டுப் போயிடலாம்" என்று நான் கேலி செய்தேன். என் நாக்கில் சூடு போட வேண்டும்.

வருஷா வருஷம் அக்காவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவார். ஃபைலைப் பிடித்துக்கொண்டு, தேய்த்த சட்டையில் ஓரமாக நிற்பார். ஒரு தடவை நர்ஸிடம், "எனக்கும் ஒரு படம் எடுத்துப் பாக்கலாமாம்மா? முதுகு ஒரே குடைச்சல்" என்று கேட்டார்.

"இது பொம்பளைங்க சமாச்சாரம்ணே. நீங்க ஜம்முனு இருக்கீங்க. அக்காவைப் பாத்துக்கோங்க, போதும்."

மாமாவும் சேர்ந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அறுபத்து மூன்றாவது வயதில், அக்காவின் துணிக் கட்டோடு வாசல் படி இறங்கும்போது மாமாவுக்குக் கால் இடறியது. ஒரே ஒரு படி. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா சட்டையைக் கத்தரித்து எடுத்துவிட்டு, அவரைப் பக்கவாட்டில் புரட்டினார். முதுகைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். படம் எடுத்ததில் முதுகெலும்பு மூன்று இடத்தில் நசுங்கியிருந்தது, எல்லாம் பழைய முறிவு. வருஷக்கணக்காகப் போட்ட இளைப்பு மாத்திரையே எலும்பை அரித்திருக்கிறதாம்.

"இவ்வளவு வளைஞ்சிருக்கே, வீட்ல யாருமே பாக்கலையா?"

"நான் பாத்தேன்" என்றாள் அக்கா. "பாத்துப் பாத்துத்தான் தச்சேன்."

டாக்டரம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "உலகம் பூரா எலும்பு முறியறது பொம்பளைங்களுக்குத்தான் அதிகம். அதனால ஆம்பளைங்களை யாரும் சோதிக்கிறதே இல்ல. ஆனா இடுப்பு முறிஞ்சவங்கள்ல, ஒரு வருஷத்துக்குள்ள போய்ச் சேர்றது ஆம்பளைங்கதான் ஜாஸ்தி. மனசைத் தயார் பண்ணிக்கோங்க." இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் மாமா மறுபடி எழுந்து நடக்கவே இல்லை. மூட்டை தூக்கிய மனுஷன் தலையணையை நகர்த்த என்னைக் கூப்பிட்டார். ஏற்கெனவே ஓய்ந்திருந்த நெஞ்சில் சளி கட்டியது. நான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார். பாவி மனுஷன், கடைசிவரை அக்காவை ஒரு வாளித் தண்ணீர் தூக்க விடவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு அக்காவோடு நான் போனேன். அதே டாக்டரம்மா. மாத்திரை வேலை செய்கிறது, எலும்பு தேறியிருக்கிறது என்றார். அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"டாக்டரம்மா, நான் சட்டையைக் கோணல்மாணலா தச்சிருந்தா கூன் வெளிய தெரிஞ்சிருக்கும். அப்போ யாராவது அவருக்கும் படம் எடுத்திருப்பாங்களா?"

அக்காவின் பின்னால் நின்றுகொண்டு, இல்லை என்று சொல்லச் சொல்லி நான் கையையும் தலையையும் ஆட்டினேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"எடுத்திருப்பாங்கம்மா" என்றார்.