புங்கமரத்தைத் தோண்டிய வாரம்

ஒரு மரத்தை அழித்து, ஒரு குடும்பத்தின் வயலைப் பறித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுவதில் எனக்கு நாற்பது வருடப் பழக்கம்.

போன வாரம் மன்னார்குடி வங்கியில் என் பழைய மாணவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கே தலை நரைத்துவிட்டது. "சார், அந்த இங்கிலீஷ் நாவல்ல மரம்னா வேரூன்றுன மனுஷன்னு நடத்துனீங்களே, இன்னும் காதுலயே நிக்குது!" வரிசையில் நின்றவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். எனக்குக் கூசியது.

அந்த நாவலில் வரும் எல்ம் மரத்தை நான் கண்டதே இல்லை. கரும்பலகையில் வரைந்தபோது, "முருங்கையா சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆனாலும் புயல் என்றால் மனக் கொந்தளிப்பு, இலையுதிர்வு என்றால் பிரிவு என்று விடாமல் நடத்தினேன். இங்கிலாந்து மரத்துக்குப் பொருள் தெரிந்த எனக்கு, என் வயலில் நின்ற மரத்தின் பொருளும் தெரிந்திருந்தது. அதுதான் குற்றம்.

எங்கள் களத்து ஓரத்தில் நின்ற புங்கமரம், குத்தகைக்கு உழுத சவரிமுத்து வைத்தது. அதன் தழையை வெட்டி உரமாக நாற்றங்காலில் மிதிப்பார். சேற்றில் தழை அழுகும் வாடை அவர் வேட்டியிலும் இருக்கும். நான் இரண்டடி தள்ளி நின்றே பேசுவேன்.

குத்தகைதாரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. பதிந்துவிட்டால் அவரை வெளியேற்ற முடியாது. சவரிமுத்துவிடம் ரசீது கிடையாது. கொடுக்க வேண்டிய நாங்கள் கொடுத்ததே இல்லை. மிராசுதார்களுக்குப் பயந்து சாட்சிக்கும் ஆள் வரவில்லை. அவர் சிரித்தார்.

"ஆளு வராட்டி போவுதுய்யா. என் மூத்தவ பொறந்தப்ப வச்ச மரம் நிக்குதுல்ல. தாசில்தாரு அதுகிட்ட கேட்டுக்கட்டும்."

தாசில்தார் வருவதற்குள் ஆள் விட்டு அதை வேரோடு தோண்டி எடுத்தேன். குழியை மூடிச் சாணம் மெழுகினேன்.

"இங்க மரம் இருந்துச்சா?" என்றார் தாசில்தார்.

"இல்லீங்க. நான் சொந்தமா சாகுபடி பண்றேன். இவரு கூலிக்கு வர்றவரு."

 சவரிமுத்துவின் மனைவி மரியம்மாள்தான், "படிச்ச வாயாய்யா இது?" என்றார். மறுநாள் வகுப்பில் அந்த எல்ம் மரம் வரும் அத்தியாயம். நன்றாகவே நடத்தினேன்.

குத்தகைப் பதிவில் சவரிமுத்துவின் பெயர் ஏறவில்லை; அந்தப் போகம் முடிந்ததும் அவர்களை வெளியேற்றினேன். ஓய்வு பெற்ற பிறகு அவர்களைத் தேடினேன். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பில் காவலுக்குப் போய், சவரிமுத்து அங்கேயே இறந்திருந்தார். அவர் மகன் ஆரோக்கியத்தின் பெயரில் வயலைத் தானப் பத்திரமாகப் பதிந்து கொடுத்தேன். ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள்; கேட்க இதமாகத்தான் இருந்தது. இரண்டு போகம் கழித்து அவர் அதை மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். களம், வரப்பு, வாய்க்கால் எல்லாம் மண்ணடித்து மூடப்பட்டன. கோபமாக போன் செய்தேன்.

"உங்கப்பா உழுத மண்ணுப்பா அது!"

"அப்படின்னு பத்திரத்துல இல்லீங்களே சார். அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. 'உனக்கு அப்பன்னுதான்டா அவரு பேரு வருது, உழுதாருன்னு ஒரு வரி இல்லியே'ன்னுச்சு."

அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு மாதம் ஆனது. சவரிமுத்துதான் உழுதார், நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பேராவூரணிக்குப் பஸ் ஏறினேன். மரியம்மாள் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ஆரோக்கியம் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, காகிதத்தை நின்றபடியே படித்தார்.

"இப்ப இத யாருக்கு சார் வாசிச்சுக் காட்றது?" என்றார்.

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார்.