பாதி முகத்தின் சாட்சி

எங்கள் ரேந்தை அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "வாசல்ல தொங்குத அந்தப் பெரிய ஓலைக்குடை யாருக்க?" என்றுதான். ஜெபகனியுடையது என்று சொல்வோம். மழைக்குக்கூட அவள் குடையை மறந்துவிட்டு வந்ததுண்டு. வெயிலுக்கு ஒருநாளும் மறந்ததில்லை. முப்பது பெண்களுக்கு அவள்தான் மேற்பார்வை. இந்தக் கொல்லம் ஆண்டு 1112-ல் அவளை எதிர்த்துப் பேச மிஷனை நடத்துகிற வெள்ளைக்கார மிசியம்மாவே ஒரு தடவை யோசிப்பார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே அறையிலிருந்து அவளை விரட்டினோம். விரட்டியவர்களில் முதல் ஆள் நேசம்மாள் என்கிற நான். அதனால் இதை நான் சொல்வதுதான் நியாயம்.

பத்மநாபபுரம் கோட்டைக்குத் தெற்கே மிஷன் பங்களாவை ஒட்டி ஒரு நீள அறை. உருண்டைத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு ரேந்தை என்கிற லேஸ் பின்னுவோம். அது கப்பலேறிச் சீமைக்குப் போய் அங்குள்ள சீமாட்டிகளின் கழுத்தில் உட்காரும். ஜெபகனிக்கு அப்போது இருபத்தாறு வயது. கணவன் கொழும்புக்குப் போய்க் காய்ச்சலில் செத்துவிட்டான். ஆறு வயதில் ரத்தினம் என்று ஒரு மகள். வீட்டிலிருந்து இரண்டு மைல், ஒரு மரத்து நிழல்கூட இல்லாத வரப்பில் நடந்து வருவாள். வந்து உட்கார்ந்தால் அவள் கட்டைகள் போடுகிற வேகத்துக்கு நாங்கள் யாரும் ஈடு கிடையாது.

1103 தை மாதத்தில் அவள் மூக்குத் தண்டிலிருந்து இரண்டு கன்னத்துக்கும் சிவப்பு படர்ந்தது. பக்கத்துக்கு ஓர் ஆலிலையை ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. நாலு நாளில் தடித்துப் பொருக்குத் தட்டியது. குஷ்டம் என்றோ பெருவியாதி என்றோ யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நான் என் முக்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அவளைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் காலியாகிவிட்டது. அவள் தலை நிமிராமல் பின்னிக்கொண்டே இருந்தாள்.

செய்தி எங்கள் சபையை நடத்துகிற உபதேசியார் ஞானையனுக்குப் போனது. அவர் நல்ல மனுஷர், அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவருக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். வேதத்தில் மோசே காலத்து ஆசாரியர்கள் செய்தது போல ஏழு நாள் அடைத்து வைத்துப் பார்ப்போம் என்றார். படர்ந்தால் தீட்டு, மங்கினால் சுத்தம். மகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஜெபகனி கதவைச் சாத்திக்கொண்டாள். எட்டாம் நாள் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். சிவப்பு மங்கியிருந்தது. "சுத்தம்" என்றார். அவள் துணிமணிகளைத் துவைத்து உடுத்திக்கொண்டு, சந்தோஷமாக வரப்பில் நடந்து வேலைக்கு வந்தாள். நாலாம் நாள் முகம் பழையபடி சிவந்தது.

மறுபடி ஏழு நாள் அடைத்தார்கள். மறுபடி மங்கியது, மறுபடி வெளியே வந்தாள், மறுபடி ஏறியது. உபதேசியார் தலையை ஆட்டினார்.

"மக்ளே, இது எனக்க இஷ்டமில்ல. சுத்தம்னு சொன்ன பொறவு படந்தா அது தீட்டுதான். முறை அப்படி."

சபைக் கமிட்டி கூடித் தீர்மானித்தது. ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை வண்டி வரும், அவளைப் பெருவியாதிக்காரர் விடுதியில் கொண்டுபோய் விட வேண்டும். அங்கே பிள்ளையை உடன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அதுவரை இராப்போஜனத்தின் பாத்திரத்தில் அவள் வாய் வைக்கக் கூடாது. எங்கள் சபையில் திராட்சரசத்துக்கு ஒரே பாத்திரம்தான். ஒருவர் குடித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுப்போம்.

நான் அன்று அவள் வீட்டு வேலிப் பக்கம் போனேன். என்னத்துக்குப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. மனசு உறுத்தியிருக்கும்.

"ஏட்டி நேசம், அங்கயே நில்லு. நீ கிட்ட வரமாட்டான்னு எனக்குத் தெரியும்" என்றாள் ஜெபகனி. எனக்குச் சுருக்கென்றது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். "ஒண்ணு கேக்கியேன், சொல்லு. உள்ள அடைச்சுப் போட்டா இது கொறையுது. வெளிய விட்டா ஏறுது. ரெண்டு மட்டம் அப்படித்தான். வெளிய அப்படி என்ன இருக்கு?"

"ஆளுவ இருக்கு."

"ஆளுவளா மொகத்தச் செவக்க வைப்பாவ? வெயிலு ஏட்டி, வெயிலு! எங்க மாமாவுக்குப் பெருவியாதி இருந்துது. அவரு நெழல்ல கெடந்தாலும் அது கொறஞ்சதில்ல. அடுப்புல கை வெந்தாலும் அவருக்குத் தெரியாது. எனக்கு இதுல ஒரு ஈ உக்காந்தாலும் தெரியுது."

"இத உபதேசியாருட்ட சொல்லலாம்லா?"

"சொன்னா நம்புவாரா? அவருக்குக் கண்ணால பாக்கணும். காட்டியேன்."

மண்டைக்காட்டு அம்மன் கொடை முடிந்த மறு ஞாயிறு அவள் காட்ட ஆரம்பித்தாள். பழைய கம்பளியை இரண்டாக மடித்து, நெற்றியிலிருந்து தாடை வரை முகத்தின் இடது பாதியை மட்டும் மூடிக் கட்டிக்கொண்டாள். வலது பாதி திறந்து கிடந்தது. தினமும் உச்சி வேளையில் வரப்பு வழியாக எங்கள் சபைக் கோயில் வாசல் வரை நடந்து வந்து, அப்படியே திரும்பி நடப்பாள். கொடைக்குப் போய்விட்டு வீடு திரும்பிய கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. "மாப்பிள்ளைக்குப் பாதி மொகந்தான் காட்டுவாளோ?" என்று எவனோ கேட்டான். "மீதிக்கு டிக்கட் உண்டு" என்று அவள் நடந்துகொண்டே பதில் சொன்னாளாம். காலையில் விரல் மூட்டுகள் வீங்கி மடங்காது, முழங்கால் வலிக்கும், வெயில் பட்ட கன்னம் எரியும். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பதினாலு நாள், ஒரு நாள்கூட விடவில்லை.

பதினைந்தாம் நாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும் வெளியே வரும்போது முற்றத்தில் நின்றாள். உபதேசியார் படியில் நின்றுவிட்டார். அவள் கம்பளி முடிச்சை அவிழ்த்தாள்.

வலது கன்னம் அரைத்த மிளகாய் மாதிரி சிவந்து, பொருக்கு அடர்ந்து கிடந்தது. இடது கன்னத்தில் லேசான ஒரு நிழல், மற்றபடி வெறும் கன்னம். மூக்கின் நடுவில் கோடு போட்டது போல இரண்டும் பிரிந்து நின்றன.

"உபதேசியாரே, பெருவியாதி பாதி மொகத்துக்கு மட்டும் லீவு போடுமா?"

உபதேசியார் இறங்கி வந்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அந்த மனுஷருக்கு நான் இன்றும் மரியாதை கொடுப்பது அடுத்து அவர் சொன்னதற்காகத்தான்.

"மக்ளே, உன்ன அடைச்சு வச்சேன்னு நெனச்சேன். நான் வெயிலத்தான் வெளிய அடைச்சு வச்சிருக்கேன். தப்பு எனக்க மேல."

விடுதிக்குப் பேசி வைத்திருந்த அதே வண்டியில் அவரே அவளை மிஷன் ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். துணைக்கு நானும் ஏறினேன். டாக்டர் ஜெயசிங் அவளைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தடிப்பின் மேல் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் இடத்தைச் சரியாகச் சொன்னாள். ஒரு தடவை தொடாமலே கேட்டார். "இப்பம் தொடல்ல டாக்டரே, சும்மா ஏமாத்தாதிய" என்றாள். காது மடலில் லேசாகக் கீறி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்; கிருமி இல்லை. பிறகு அவள் விரல்களை அழுத்திப் பார்த்து, "காலம்பற மடங்காதே?" என்று கேட்டார். யாரிடமும் சொல்லாததை அவர் சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது.

மூட்டும் தோலும் ஒரே தீனத்தின் வேலை, அதற்கு லூப்பஸ் என்று பெயர், யாருக்கும் தொற்றாது, வெயில் அதற்கு ஆகவே ஆகாது என்று விளக்கினார். முற்றாகத் தீர்க்க மருந்து கிடையாது என்பதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியில் உபதேசியார் சந்தையில் வண்டியை நிறுத்தி ஓலைக்குடை ஒன்று வாங்கினார். இருந்ததிலேயே பெரியது வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

ஈஸ்டர் அன்று டாக்டரின் கடிதத்தைச் சபைக்கு முன்னால் அவரே வாசித்தார். கடிதம் காதுக்குப் போகும். பயம் வயிற்றில் கிடக்குமே. ஜெபகனி மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு பெண்கள் பக்கம் முதல் பாயில் உட்கார்ந்தாள். அந்தப் பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. எங்களோடு ரேந்தை பின்னுகிற கிளாரா மூன்றாம் பாயில் இடம் தேடினாள். என் கால்களும் அங்கேதான் போகப் பார்த்தன. தை மாதத்தில் தள்ளிப் போட்ட முக்காலி ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. போய் அவளை ஒட்டி உட்கார்ந்தேன்.

பாத்திரம் முதலில் அவள் கைக்கு வந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு வருகிறது. இரண்டு கையாலும் வாங்கி, நிதானமாகக் குடித்துவிட்டு, துடைக்காமல் என்னிடம் நீட்டினாள். கோயில் முழுக்க என்னைப் பார்ப்பது எனக்கு முதுகில் தெரிந்தது. அவள் வாய் வைத்த அதே ஓரத்தில் நான் வாய் வைத்தேன். செய்ததற்கெல்லாம் சேர்த்துக் கழுவுவது போல மடக்கு மடக்கென்று குடித்தேன்.

அவள் என் விலாவில் இடித்தாள்.

"ஏட்டி, எல்லாத்தையும் குடிச்சிராத. பின்னால ஆளு வருகு."

திரும்பிப் பார்த்தேன். எங்கள் பாய் நிறைந்திருந்தது. எனக்கு அடுத்து கிளாரா உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.